சுவருக்கு அந்தப்பக்கத்துக் கரடி

மார்ச் 3

நெடிய ஆலோசனைக்குப் பின் கட்டிலை ஜன்னலோரத்திலிருந்து சுவரோரத்துக்கு மாற்றுவதென முடிவெடுத்து, மாலையே நிறைவேற்றினேன். கல்லூரியில் தர்க்கவியல் நடத்துகிறவன் எதையும் அவசரப்பட்டுச் செய்வதில்லை.

மார்ச் 4

அவசரப்பட்டுவிட்டேன். சுவருக்கு அந்தப்பக்கம் பம்ப் மெக்கானிக் குடியிருக்கிறார். அவருடைய அக்கா ஆஸ்பத்திரியில். அக்கா பிள்ளைகள் இரண்டும் இப்போது இவரிடம். சாப்பாடானதும் கதை. கதையா அது? "கரடி வந்துச்சு. ஏன் வந்துச்சுன்னு கேட்டா உதை விழும். படுடா!" ஓடுகிற மோட்டாருக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை.

மார்ச் 6

நேற்றுக் கிணற்றில் செத்த முதலை இன்று கரடியோடு சீட்டாடுகிறது! பொறுக்காமல் சுவரைத் தட்டினேன். "முதலைதான் செத்துப்போச்சே!"

சுவருக்கு அந்தப்பக்கமிருந்து பதில்: "செத்தது அதோட தம்பி, சார்!"

பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே — என்னைப் பார்த்தா, முதலையையா?

மார்ச் 7

வீட்டுக்காரரிடம் புகார் செய்தேன். "இன்னொரு வாட்டி யாராச்சும் சத்தம்னு வந்தா, காலி பண்ணச் சொல்லிடறேன்" என்றார். நான் கேட்டது அவ்வளவு இல்லை.

மார்ச் 9

குசுகுசுப்பு. காதைச் சுவரில் வைத்தும் ஒரு சொல் புரியவில்லை. கரடி என்ன ஆனது? கதை சொல்கிறவனுக்குக் கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமா? சின்னவன் வேறு அழுகிறான்.

மார்ச் 10

மறுபடி அழுகை. போய்க் கதவைத் தட்டினேன்.

"இப்பவும் கேக்குதா சார்? வாயே தொறக்கலையே" என்றார் மெக்கானிக்.

பெரியவள் எட்டிப் பார்த்தாள். "மாமா மெதுவாப் பேசினா அம்மாவுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு அர்த்தம். ஆஸ்பத்திரியில எல்லாரும் இப்படித்தான் பேசினாங்க."

"ஒண்ணும் ஆகலைன்னு சொல்றேன்ல, கழுதை!" — அதையும் குசுகுசுவென்றே சொன்னார்.

"சத்தமாச் சொல்லித் தொலைய்யா!"

கத்தியது நான்தான்.

மார்ச் 11

கரடி முதலையை மன்னித்துவிட்டதாம். எந்த நியாயத்தில்? சாட்சி இல்லை, விசாரணை இல்லை. "சின்னவன் தூங்கிட்டான் சார்!" என்று சுவர் வழியாக அறிவிப்பு வேறு.

மார்ச் 13

மாடியில் குடியிருப்பவர் புகார் செய்திருக்கிறார். சத்தம் யாருடையது என்று வீட்டுக்காரர் என்னிடம் விசாரித்தார். என்னுடையது என்றேன். பாடத்தை உரக்கப் படிப்பேன் என்றும் சொன்னேன்.

"கரடி, முதலைன்னு கேட்டுதாமே?"

"தர்க்கத்துல உதாரணம் வரும்."

"போன வாரம் பக்கத்து வீட்டைச் சொன்னீங்களே சார்?"

"பழியைத் தூக்கி அவர்மேல போட்டேன்."

படித்தவர் பேசுகிற பேச்சா என்று கேட்டுவிட்டுப் போனார். நியாயமான கேள்வி.

மார்ச் 14

இந்த மாதக் கடைசிக்குள் நான் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.