ஒன்பதாம் படியில் தண்ணீர்

7 ஜூலை 2006, வெள்ளி

இன்றும் ஒன்றும் மாட்டவில்லை. தப்பு என்னுடையதுதான். எங்கள் சிவகங்கைப் பக்கம் கோடையில் கண்மாய் வற்ற வற்ற மீன் கைக்கே வரும். அதே நினைப்பில் சாயங்காலம் நாலு மணிக்குத் தூண்டிலோடு போய் உட்கார்ந்தேன். அமீரகத்தில், புஜைரா மலைக்குள் இருக்கும் இந்த அணைத் தண்ணீரில் நாலு மணிக்கு முட்டை அவிக்கலாம். மீனெல்லாம் ஆழத்துக்குப் போய்விட்டன.

பக்கத்துப் பாறையில் யோகநாதன் அண்ணன் சிரித்துக்கொண்டே இருந்தார். எங்கள் குவாரியில் லோடர் ஓட்டுகிறவர், யாழ்ப்பாணத்துக்காரர். கடல் மீனைத் தவிர வேறெதையும் மீன் என்று ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனாலும் ஒரு வெள்ளி தவறாமல் வந்துவிடுவார்.

லீவில் வருவதற்குள் முழங்கை நீள மீனோடு போட்டோ எடுத்து அனுப்புகிறேன் என்று நாகவள்ளியிடம் போனில் சொல்லி வைத்திருக்கிறேன். கல்யாணமான ஆறு வருஷத்தில் நான் சொன்ன எதை நம்பினாள், இதை நம்ப?

11 ஜூலை, செவ்வாய்

அணைக் காவலாளி ஈசா இந்தியில் புத்தி சொன்னார். விடியலுக்கு முன்னால் வா, அஞ்சிலிருந்து ஆறரை வரைதான் கடிக்கும், அப்புறம் கலாஸ்.

இன்னொன்றும் சொன்னார். அணைக்குள் இறங்கும் பத்துப் படிகளில் ஏழு வெளியே தெரிகிறது. பத்தாவதும் தெரிந்தால் மிச்சம் வெறும் சேறு. மீன் மொத்தமும் செத்து மிதக்கும். போன மாதம் நாலு படிதான் தெரிந்தது.

இவ்வளவு தண்ணீரை யார் எடுக்கிறார்கள்? நான்தான்! குவாரி ரோட்டில் தூசி அடங்கத் தெளிக்க, தினம் ஆறு டேங்கர் இங்கிருந்து உறிஞ்சிக்கொண்டு போவதுதானே என் டூட்டி.

14 ஜூலை, வெள்ளி

அஞ்சு இருபதுக்கே ஜிலேபிக் கெண்டை மூன்று! உள்ளங்கை அளவுதான். குபூஸ் ரொட்டியை ஊறவைத்து மத்தி டின் எண்ணெய் விட்டுப் பிசைந்த இரை. ரூமே குழம்பு மணத்தது. யோகநாதன் அண்ணன் குறை சொல்லிக்கொண்டே மூன்று தரம் சோறு வாங்கினார்.

எட்டாம் படி.

16 ஜூலை, ஞாயிறு

சூப்பர்வைசர் விஜயபாஸ்கர் சாரிடம் கேட்டே விட்டேன், கம்பெனி போர்வெல்லில் தண்ணீர் எடுக்கலாமா என்று. அது பதினாலு கிலோமீட்டர். அணை மூன்றுதான்.

"ஆறு ட்ரிப் நாலாயிடும், அன்பு. தூசி ஏன் பறக்குதுன்னு மேல கேட்டா மீனுக்காகன்னு சொல்லவா?"

நியாயம்தான். நியாயமாகப் பேசுகிறவர்கள்மேல்தான் அதிகம் கோபம் வருகிறது.

17 ஜூலை, திங்கள்

நாற்பத்தாறு டிகிரி. வெயில் பிரேக்கில் டேங்கர் நிழலில் எழுதுகிறேன். பேனாவும் சுடுகிறது.

19 ஜூலை, புதன்

ஒன்பதாம் படி தெரிந்துவிட்டது. டேங்கர் ஓஸைத் தண்ணீருக்குள் இறக்கும்போது ரெண்டு மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. என் கையாலயே இதுகளக் கொல்லணுமா? என்ன பொழப்புடா இது.

யோகநாதன் அண்ணனிடம் சாரைப் பற்றிப் புலம்பினேன். அவர் சொன்னது: "அந்தாளை ஒருக்கா தூண்டிலோட இருத்திப் பாருங்கோ, தம்பி. மிச்சத்தை மீன் பாத்துக்கொள்ளும்."

21 ஜூலை, வெள்ளி

சார் வந்தார்! வாசலில் நின்று கெஞ்சியதால் வந்தார். கொட்டாவி விட்டுக்கொண்டு, கையில் பேப்பரோடு. என்னிடமிருந்த சிவப்பு நரம்புத் தூண்டிலைக் கொடுத்து என் பாறையிலேயே உட்கார வைத்தேன்.

ஆறு மணிக்குத் தக்கை ஒரே முங்கு. சார் எழுந்த வேகத்தில் பேப்பர் தண்ணீரில் விழுந்தது. தூண்டில் வளைந்தது, ஒரு பெரிய முதுகு புரண்டது, நரம்பு அறுந்தது. அவ்வளவுதான்.

சார் வெறும் குச்சியைப் பிடித்தபடி ரொம்ப நேரம் நின்றார். திரும்பும் வழியெல்லாம் அது எவ்வளவு நீளம் இருக்கும் என்று எங்களிடம் கேட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தடவையும் அவர் கை கொஞ்சம் கூடுதலாக விரிந்தது.

22 ஜூலை, சனி

காலை டூட்டி போர்டில் சார் கையெழுத்து: வாட்டர் டேங்கர், போர்வெல். அணைத் தண்ணீரில் சேறு வருகிறது, தெளிப்பான் அடைக்கிறது என்று மேலே எழுதிப் போட்டாராம். நான் ஒரு மணி நேரம் முன்னால் வண்டி எடுக்க வேண்டும். எடுக்கிறேன்!

தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "நான் பிடிக்கிற வரைக்கும் அது சாகக் கூடாது, அன்பு. பிடிச்சதும் பழையபடி அணையிலதான்."

4 ஆகஸ்ட், வெள்ளி

சாருக்கு மாட்டவில்லை. இப்போதெல்லாம் என் பாறை அவருடையது. கேட்க முடியுமா?

ஒன்பதாம் படியிலேயே நிற்கிறது தண்ணீர்.

18 ஆகஸ்ட், வெள்ளி

சார் பிளாஸ்கில் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்குக் கடித்தது. இவ்வளவு கனம் நான் பார்த்ததே இல்லை. பாறை இடுக்குக்குக் கொண்டு வந்து கையை வைத்துப் பார்த்தேன். விரல் நுனியிலிருந்து முழங்கையைத் தாண்டி நின்றது. உதட்டோரம் பழைய கொக்கி ஒன்று, அதிலிருந்து ஒரு சாண் சிவப்பு நரம்பு.

யோகநாதன் அண்ணன் போனில் கேமரா உண்டு. கூப்பிட்டால் போதும். ஆனால் சாரும் திரும்பிப் பார்ப்பார். அது பிடிபட்டதென்று தெரிந்தால் டேங்கர் பழையபடி அணைக்குத்தான்.

இரண்டு கொக்கியையும் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் பிடித்தேன். கையை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. அப்புறம் போய்விட்டது. அழுகை வந்தது, உண்மையைச் சொன்னால்.

டீயை நீட்டியபடி சார் என்ன மாட்டியது என்று கேட்டார். சின்னது சார், நழுவிவிட்டது என்றேன்.

யோகநாதன் அண்ணன் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். வேனில் ஏறும்போது பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்:

"அதை மீனெண்டு சொல்லலாம், தம்பி."