திரையில் விழுந்த வெயில்

பான், ஜெர்மனி
நவம்பர் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

ஞாயிறுதோறும் போனில் பேசுகிறவள் கடிதம் எழுதுவதற்கு மன்னியுங்கள். போனில் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள். அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

நலமாக இருக்கிறேன். வீட்டுக்கார பேர்பெச்சுவா அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர், குளிருக்கு ஒரு கோட்டு கொடுத்திருக்கிறார். உங்கள் முழங்காலுக்குத் தைலத்தை விடாமல் தேயுங்கள்.

நீங்கள் பார்த்திருக்கும், ஜப்பானில் நகோயாவில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை உதயைப் பற்றித்தான் எழுதுகிறேன். அங்குள்ள இசே கோயில் என் ஆராய்ச்சி என்பதால், எனக்காகவே அங்கே போய்வந்ததாகச் சொன்னார். சந்தோஷமாக இருந்தது. மூலஸ்தானத்துக்கு எதிரே நின்று தீபாராதனை பார்த்தாராம். சூரிய தேவி அமதெரசுவின் கண்ணாடியில் தன் முகம் தெரிந்ததாம். ஆயிரம் வருஷத்துக் கல்தூண்களைத் தொட்டுக் கும்பிட்டாராம்.

அப்பா, அந்தக் கண்ணாடியை யாரும் பார்ப்பதில்லை. பொதிந்து பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். போகிறவர்கள் வாசலில் தொங்கும் வெள்ளைத் திரைக்கு முன்னால் கும்பிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கோயிலோ மரத்தால் ஆனது. இருபது வருஷத்துக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புதிதாகக் கட்டுகிறார்கள். தேவிக்கு இடம் தேடி ஓர் இளவரசி ஊர் ஊராக அலைந்தாள் என்பது தலவரலாறு. தனியாகச் சாப்பிட முடியவில்லை என்று தேவி அரசரின் கனவில் சொன்னதால், அன்னம் படைக்க தொயோஉகே என்ற தெய்வத்தையும் வரவழைத்தார்களாம். அவளுடைய வெளிக்கோயிலைக் கும்பிட்ட பிறகே தேவியிடம் போவது வழக்கம்.

எந்தக் கோயிலுக்கு முதலில் போனீர்கள் என்று உதயிடம் கேட்டேன். ஒரே கோயில்தானே, கல்யாணத்துக்கு முன்னாடியே பரீட்சை வைக்கிறியா என்று சிரித்தார்.

அக்காவிடம் சொன்னேன். பாக்க ஏலாத சாமியைப் பாத்தவர், இல்லாத வேலையையும் இருக்கெண்டு சொல்லுவார் பிள்ளை என்றார்.

என்னைச் சந்தோஷப்படுத்தச் சொன்ன பொய்யாக இருக்கும் என்றுதான் விட்டுவிட்டேன். ஆனால் நேற்று எனக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோவில் பேசினார். நகோயாவில் அப்போது இரவு. அவருக்குப் பின்னால் ஜன்னல் திரையில் வெயில் விழுந்திருந்தது.

பட்டம் வாங்கினதும் பெண்ணுக்குச் சந்தேகமும் வந்துவிட்டது என்று அத்தை சொல்வாள். சொல்லட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். தேதி குறிக்கும் முன், ஒரு நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு, நம் ஊரில் வெயில் இருக்கும்போதே, நீங்களே அவரை வீடியோவில் கூப்பிடுங்கள். நகோயாவில் அப்போது இரவு எட்டரை ஆகியிருக்கும். ஜன்னலைத் திறந்து வானத்தைக் காட்டச் சொல்லுங்கள். இருட்டாக இருந்தால் தை மாதம் கல்யாணத்துக்கு வருகிறேன். வெளிச்சமாக இருந்தால் அவரை ஒன்றும் கேட்க வேண்டாம். எனக்கு டிக்கெட் மட்டும் போடாதீர்கள்.

உங்கள் ஆசியை நம்பியிருக்கும்
மகள் நிரஞ்சனா