வெய்லன் விட்டுக்கொடுத்த சீட்டு

செப்டம்பர் 28, திங்கள்

தேதி சொல்லிவிட்டார்கள். அக்டோபர் 15. போனில் சொல்லக்கூடாது, ஃபேஸ்புக்கில் போடக்கூடாது, பெற்ற தாயிடம்கூட வாயைத் திறக்கக்கூடாது, அது பட்டாளத்துச் சட்டம். இங்கே எழுதினால் எந்த எதிரி வந்து படிக்கப்போகிறான்? அக்டோபர் 15, அக்டோபர் 15, அக்டோபர் 15. ஒன்பது மாசப் போர்முனை முடிந்து என் புருஷன் வெய்லன் வீட்டுக்கு வருகிறான்.

முகாமுக்குள் இருக்கிற மளிகைக் கடையில்தான் எனக்குக் கல்லா வேலை. இன்றைக்கு ஒரு கர்னலின் முட்டை அட்டையைத் தர்பூசணிக்கு அடியில் போட்டுக் கொடுத்தேன். பாவம், மனுஷன் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 30, புதன்

சண்டை. வீடியோவில், அதுவும் படம் விட்டு விட்டு வரும்போது. ஆத்திரத்தில் நான் கத்தியதில் பாதி அவனுக்குப் போய்ச் சேரவே இல்லை.

படை முழுசாகத் திரும்புவதற்கு ஒரு வாரம் முன்னால் கொஞ்சம் பேரை மட்டும் அனுப்புவார்கள், அறை, சாவி எல்லாம் தயார் பண்ண. அதில் வெய்லன் பெயர் இருந்திருக்கிறது. எனக்குச் சொல்லவே இல்லை. இப்போது விமானத்தில் தன் சீட்டை, அதே படையில் இருக்கிற டெஷானுக்குக் கொடுத்துவிட்டானாம். டெஷான் பெண்டாட்டி யெசீனியாவுக்கு நிறைமாசம். சரி, நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? ஆனா என்னை ஒரு வார்த்தை கேக்கணுமா வேண்டாமா?

"ஒரு வாரம்தானடி கோரின். ஓடிப்போயிடும்."

"அப்ப நீயே வந்து ஓட்டு," என்று வைத்துவிட்டேன்.

அக்டோபர் 1, வியாழன்

அடுத்த வீட்டிலிருந்து யெசீனியா வந்தாள். அத்தனை பெரிய வயிற்றோடு நின்று, மாவும் கறியும் சோளத் தோகையில் சுற்றி அவித்த தமாலே, ஒரு தட்டு நிறைய. வாசலிலேயே கண் கலங்கினாள். இவளிடம் எப்படிக் கோபத்தை இழுத்துப் பிடிப்பது? ஆறு தின்றேன்.

அக்டோபர் 7, புதன்

டெஷான் வந்துவிட்டான். பையைக்கூடக் கீழே வைக்காமல் மண்டியிட்டு வயிற்றோடு பேசினான். "அப்பா வந்துட்டேன், நீ எப்ப கிளம்புற?" நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பொறாமை. இருக்கட்டும், இன்னும் எட்டே நாள்.

சாயங்காலம் நானும் யெசீனியாவும் அவர்கள் கார் ஷெட்டில் வரவேற்புப் பதாகைக்காகப் படுக்கை விரிப்பில் பெயிண்ட் அடித்தோம். முகாம் சாலை வேலி முழுக்க இப்போதே விரிப்புகள் தொங்குகின்றன. ஒருத்தி, "குப்பைத்தொட்டியை இனி நீதான் வெளியே வைக்கணும்" என்று எழுதியிருக்கிறாள். எங்களுக்கு அதைவிட நல்லதாகத் தோன்றவில்லை. டெஷான் சொன்ன யோசனையை இங்கே எழுத முடியாது.

அக்டோபர் 9, வெள்ளி

தூக்கம் வரவில்லை. எழுதினால் வருமோ என்னவோ.

காலையில் கடையில் இருந்தேன். வெளியே ஒலிபெருக்கி. முதலில் பயிற்சி என்று நினைத்து மக்காச்சோளத்தை ஸ்கேன் பண்ணிக்கொண்டே இருந்தேன். "உள்ளேயே இருங்கள். கதவுகளை மூடுங்கள். இது பயிற்சி அல்ல." மேனேஜர் எல்லாரையும் இறைச்சி வைக்கிற குளிர் அறைக்குள் தள்ளிப் பூட்டினார். தொங்குகிற மாட்டுத் தொடைகளுக்கு நடுவில் நாங்கள். ஒரு சார்ஜென்ட் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அங்க போர்முனையில தூங்கும்போதும் துப்பாக்கி பக்கத்துல இருந்துச்சு. இங்க எல்லாத்தையும் கிடங்குல பூட்டி வெச்சிருக்கோம். நான் இப்ப என்ன பண்றது, பன்றி விலாவை எடுத்து அடிக்கிறதா?" யாரோ சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். சிரிப்பு வந்த இடம் அப்படி.

பிறகு ஒருத்தி போனில் செய்தி வந்தது. திரும்பி வந்தவர்களுக்குக் காது, கண் சோதித்துக் கையெழுத்து வாங்குகிற கட்டிடத்தில் துப்பாக்கிச் சூடு. சுட்டவன் வெளியாள் இல்லை, நம்ம முகாம் சிப்பாய்.

திரும்பி வந்தவர்கள். டெஷான் காலையில் காது பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தானே போனான். யெசீனியாவுக்குப் போட்டுப் போட்டுப் பார்த்தேன், எந்த லைனும் போகவில்லை.

சாயங்காலம்தான் முகாம் வாசலைத் திறந்தார்கள். நேராக அவள் வீட்டுக்குப் போனேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தத்தை அணைத்து வைத்திருந்தாள். "அவன் போன் எடுக்கல கோரின். சார்ஜ் போயிருக்கும், இல்ல?" ஆமாம் என்றேன்.

அப்போதுதான் கார் வந்து நின்றது. ஒரு லெப்டினென்ட்டும் பட்டாளத்துப் பாதிரியாரும் இறங்கினார்கள். இரண்டு பேரும் விழா உடுப்பில், பதக்கம், பளபள ஷூவோடு.

பட்டாளத்துப் பெண்டாட்டிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். காயம் என்றால் போன் வரும். செத்துப்போனால்தான் விழா உடுப்பில் ரெண்டு பேர் வந்து கதவைத் தட்டுவார்கள்.

யெசீனியா தாழ்ப்பாள் போட்டாள், சங்கிலி போட்டாள், முதுகைக் கதவில் கொடுத்து நின்றாள். "நான் திறக்க மாட்டேன். திறந்தாத்தான சொல்லுவாங்க. திறக்கலைன்னா அவன் இன்னும் இருக்கான்."

"மிஸஸ் ப்ரூவர், தயவுசெஞ்சு கதவைத் திறங்க. உங்ககிட்ட பேசணும்," என்று வெளியிலிருந்து லெப்டினென்ட்.

அப்படித்தான் ஆரம்பிப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அவள் மேல் கை வைத்தால் விழுந்துவிடுவாள் போல இருந்தது. என்ன செய்வது? சமையலறை ஜன்னலைத் தூக்கித் தலையை வெளியே நீட்டினேன்.

"யோவ். உசுரோட இருக்கானா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு. பிரசங்கம் பண்ணினா தண்ணிய மேல ஊத்திடுவேன்."

லெப்டினென்ட் மீசைகூடச் சரியாக முளைக்காதவன். "இருக்கார் மேடம், உயிரோட இருக்கார். ஆபரேஷன் நடக்குது. போன் எதுவும் போகல, அதான் கூட்டிட்டுப் போக நேர்ல வந்தோம்."

"அப்புறம் எதுக்குய்யா இந்த உடுப்பு?"

அவன் குனிந்து தன்னைத்தானே பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. காலையில் யாருக்கோ பணி ஓய்வு விழாவாம், அதற்கு உடுத்தியது. கூட வந்த பாதிரியார் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்காவது தோணியிருக்கணும்," என்றார்.

கதவைத் திறந்த யெசீனியா அந்தப் பையன் நெஞ்சில் இரண்டு குத்து விட்டாள். பிறகு அவன் தோளையே பிடித்துக்கொண்டு காருக்கு நடந்தாள்.

அக்டோபர் 10, சனி

ஐந்து பேர் போய்விட்டார்கள். டெஷானுக்கு வயிற்றில் ஒரு குண்டு, இடது கையில் ஒன்று. இன்னும் கண் விழிக்கவில்லை.

வெய்லன் குவைத்திலிருந்து கூப்பிட்டான். விமானத்துக்காகக் காத்திருக்கிற இடத்தில், சாப்பாட்டுக்கூடத்து டிவியில் எங்கள் முகாம் வாசலைப் பார்த்திருக்கிறார்கள். "எங்க இருக்க? எங்க இருக்க?" என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டான். அத்தனை சிப்பாய்களும் பெண்டாட்டிமாருக்குப் போன் போட வரிசையில் நின்று அழுதார்களாம். டெஷானைப் பற்றிச் சொன்னேன்.

"அது என் சீட்டு," என்றான்.

அந்தக் கட்டிடத்தில் அவன் உட்காரவேண்டிய நாற்காலியில் அவன் இல்லை என்று நேற்று முழுக்க உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். இப்போதும் இருக்கிறது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

அக்டோபர் 12, திங்கள்

முகாம் வாசல் முழுக்க கேமராக்காரர்கள். ஒருவன் என் கார் ஜன்னலில் மைக்கை நுழைத்து, குளிர் அறையில் இருந்தபோது எப்படி உணர்ந்தீர்கள் என்றான். குளிர்ந்தது என்றேன்.

கடையில் ஆளுக்கொரு பேச்சு. சுட்டவன் பைத்தியம் என்கிறான் ஒருவன், லீவு கொடுக்காத அதிகாரியைச் சொல்கிறான் இன்னொருவன். எல்லாருக்கும் துப்பாக்கி கொடுத்திருக்கணும் என்று மேனேஜர். யாருக்கும் கொடுத்திருக்கக்கூடாது என்று மீன் பகுதி ட்வைலா. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

வரவேற்பு விழா நடக்குமாம், பாட்டுக்குழு மட்டும் கிடையாது.

அக்டோபர் 13, செவ்வாய்

யெசீனியாவுக்குப் பெண் குழந்தை. அப்பா கீழ்த் தளத்தில், மகள் மேல் தளத்தில். நர்ஸ் குழந்தையைக் கீழே கொண்டுபோய் அவன் நல்ல கையில் படுக்க வைத்தாள். அது கத்திய கத்தலில் கண்ணைத் திறந்தான். நான் பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன்.

அக்டோபர் 15, வியாழன்

வந்துட்டான் வந்துட்டான் வந்துட்டான்.

ஜிம் நிறையக் கூட்டம். ஜெனரல் ஒரு நிமிஷம் பேசி, "போங்க" என்றார். செருப்பு எங்கே போனது என்று தெரியாது. வெய்லன் மணலும் டீசலுமாக நாறினான். விடவே இல்லை. நானும் விடவில்லை.

அக்டோபர் 16, வெள்ளி

ஆஸ்பத்திரி வராந்தாவில் அரை மணி நேரம் நின்றான், உள்ளே போகமாட்டேன் என்று. நான்தான் தள்ளிவிட்டேன்.

டெஷான் அவனை மேலும் கீழும் பார்த்தான். "நீ குடுத்த சீட்டு மகா மட்டம்டா. பாரு, ஓட்டை எல்லாம் இருக்கு."

வெய்லன் கட்டில் கம்பியில் நெற்றியை வைத்து அழுதான். டெஷான் அவன் தலையில் தட்டிக்கொண்டே, "டேய், போதும்டா, அந்த சீட்டு இல்லேன்னா எம் பொண்ணு பொறக்கும்போது நான் குவைத்துல வரிசையில நின்னிருப்பேன்," என்றான். யெசீனியா குழந்தையை வெய்லன் மடியில் போட்டாள். மறுக்க அவனுக்கு வழியில்லை.

அக்டோபர் 20, செவ்வாய்

அஞ்சலி. சார்ஜென்ட் பெயர்ப் பட்டியல் வாசித்தார். உயிரோடு இருக்கிறவர்கள் ஒவ்வொருவராக "இருக்கேன் சார்ஜென்ட்" என்றார்கள். பிறகு இல்லாதவர்கள் பெயர். ஒவ்வொரு பெயரும் மூன்று தடவை. யாரும் பதில் சொல்லவில்லை. வெய்லன் என் விரலை நசுக்கிவிட்டான், இன்னும் வீங்கியிருக்கிறது.

அக்டோபர் 26, திங்கள்

மறுபடி வேலைக்குப் போனேன். வெய்லன் எனக்கு முன்னால் எழுந்து காபி போட்டிருந்தான். கார் வரைக்கும் வந்தான், டயரை உதைத்துப் பார்த்தான், பெல்ட்டை மாட்டிவிட்டான். முகாம் வாசல் பத்து நிமிஷத் தூரம்.

"என்னடா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. உள்ள போனதும் ஒரு போன் போடு."

மதியம் வரை நான்கு தடவை போட்டேன். ஒவ்வொரு தடவையும் முதல் மணியிலேயே எடுத்தான்.