இடப்பக்கம், இன்னும் கொஞ்சம்

ஜூலை 28

புகைப்படக் கழகக் கூட்டத்தில் இன்று என் உப்பங்கழி அஸ்தமனத்தைத் திரையில் போட்டார்கள். எங்களுக்குப் படமெடுக்கச் சொல்லிக்கொடுக்கும் காங் ஐயா, "அடிவானமும் நடுவுல, சூரியனும் நடுவுல. தட்டுல போட்ட ஆஃப்பாயில் மாதிரி இருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், காது மட்டும் சுட்டது.

ஆனால் அவர் சொன்னது சரிதான். அடிவானத்தைக் கீழே இறக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு தள்ளி ஓர் ஆள் நிற்க வேண்டும், கண் போய் உட்கார ஓர் இடம். இந்த வருடக் கண்காட்சியிலாவது என் படம் சுவரில் தொங்கியாக வேண்டும்.

ஆகஸ்ட் 3

தண்ணீரில் நிற்க ஆ-சியாவைக் கேட்டேன். "கம்பம் மாதிரி நட்டு வைக்கத்தான் என்னைக் கட்டிக்கிட்டியா?" என்றாள், ஆனால் சம்மதித்தாள். நாளை சந்திரக் கணக்கில் ஏழாம் மாதம் பிறக்கிறது, இறந்தவர்களுக்குக் கதவு திறக்கும் மாதம். அதனால் ஒரு நிபந்தனை போட்டாள்.

"தண்ணிக்கிட்ட என்னை முழுப் பேர் சொல்லிக் கூப்பிடாத. முங்கிப்போன நல்ல அண்ணன்மாருங்க காதுல விழுந்தா, அவங்க இடத்துல என்னை நிறுத்திட்டுக் கிளம்பிடுவாங்க."

பேய் என்று சொல்லப் பயந்து நல்ல அண்ணன் என்கிறாள்; மருந்துக்கடை நடத்துகிறவள் பேசுகிற பேச்சு! ஆனால் என் அம்மாவும் இதைத்தான் சொல்லி வளர்த்தாள். சரி என்றேன்.

ஆகஸ்ட் 9

நீர் வற்றியிருந்தது, முழங்கால் அளவுதான். சிப்பி வளர்க்கிற மூங்கில் கம்பங்கள் வரிசையாகத் தெரிந்தன. இடப்பக்கம், இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் என்று கரையிலிருந்து கத்திக்கொண்டே இருந்தேன். சரியான இடத்துக்கு வந்த பிறகும் அவள் நிற்கவில்லை. அதற்கு அப்பால் படகு போகும் ஆழம். ஆ-சியா, ஆ-சியா என்று கத்தினேன். காற்று தின்றுவிட்டது. பயத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது — துங் பெய்-சியா!

நின்றாள். திரும்பினாள். அந்த நொடியில் என் விரல் அழுத்தியது.

எதற்கு அழுத்தியது? பயந்துபோனவனின் விரலுக்கு அங்கே என்ன வேலை? அவள் கரையேறி எனக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தாள்.

ஆகஸ்ட் 10

படத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

இடப்பக்கம் ஆ-சியா. வலப்பக்கம் அதே உயரத்தில் இன்னொன்று. வெளிச்சத்துக்கு எதிரே இரண்டும் கறுப்பு, இரண்டும் என் பக்கம் திரும்பியிருக்கின்றன. நேற்று அங்கே வேறு ஒரு ஈ காக்கை இல்லை. சத்தியமாக இல்லை.

ஆனாலும், எழுதக் கூசுகிறது, என்ன ஒரு படம்!

ஆ-சியா பார்த்தாள். "அழிச்சிடு" என்றாள். தலையாட்டினேன். அழிக்கவில்லை.

ஆகஸ்ட் 17

குளித்துவிட்டு வந்தால் பின்வாசல் கதவருகே நிற்கிறாள். நீ கூப்பிட்டியா என்றாள். இல்லை என்றேன். வெளியிலிருந்து என் குரல் கேட்டதாம். முழுப் பேர். பிறகு, இடப்பக்கம், இன்னும் கொஞ்சம்.

"நான் பதில் சொல்லல. சொல்லக் கூடாது, தெரியுமில்ல?"

வாசலில் சோறும் பழமும் வைத்து ஊதுவத்தி ஏற்றினோம். அப்போதும் படத்தை அழிக்கவில்லை என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 24

காங் ஐயாவுக்குப் படத்தை அனுப்பினேன். உடனே போன் வந்தது. "ரெண்டு பேரும் பார்க்கிறவன் கண்ணுக்காகச் சண்டை போடுறாங்கப்பா. இடப்பக்க ஆள் தலையில கம்பம் முளைச்ச மாதிரி இருக்கு, வெட்டித் தள்ளு. வலப்பக்கத்து ஆள் முன்னாடி நல்லா தண்ணி திறந்திருக்கு."

இடப்பக்க ஆள் என் மனைவி என்று சொல்லவில்லை. படம்தானே. வெட்டினேன். படம் மூச்சு விட்டது.

ஆகஸ்ட் 25

இன்று யாரும் கூப்பிடவில்லை என்றாள். அப்பாடா.

ஆகஸ்ட் 31

கண்காட்சியில் என் படத்துக்கு முதல் பரிசு. சொல்லலாம் என்று கடைக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. போய்ப் பார்த்தால் கடை பாதி திறந்தபடி கிடக்கிறது. வீட்டில் ஆணியில் அவள் வெயில் தொப்பி இல்லை. பொழுது சாயும்போது சிப்பிக்காரர்கள் அந்தத் தொப்பியைப் படகு போகும் ஆழத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். அவளை இன்னும் தேடுகிறார்கள்.

அடியே, பதில் சொல்லிவிட்டாயா? என் குரல் என்று நினைத்துப் போனாயா?

செப்டம்பர் 5

காங் ஐயா தயங்கித் தயங்கிப் போனில் கேட்டார். சுவரில் இருக்கும் படத்தில் ஆளே இல்லையாம், வெறும் தண்ணீராம். படத்தை மாற்றினாயா என்றார். வெட்டாத மூலப் படத்தைத் திறந்தேன். வலப்பக்கம் தண்ணீர்தான். இடப்பக்கம் கம்பங்களுக்கு நடுவே ஆ-சியா மட்டும், என் பக்கம் திரும்பியபடி.

நான்தான் வெட்டினேன்.

அக்டோபர் 19

தினமும் சாயங்காலம் போகிறேன். அடிவானம் நடுவில், சூரியன் நடுவில், இடப்பக்கம் நிறைய வெற்றிடம். சொல்லிக்கொடுத்ததெல்லாம் மறந்துவிட்டாயே என்று காங் ஐயா வருத்தப்பட்டார். இருக்கட்டும் என்றேன்.

ஏழாம் மாதம் முடிந்துவிட்டது. இப்போது முழுப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். வலப்பக்கம், இன்னும் கொஞ்சம் வலப்பக்கம், கரைக்கு வா என்று தொண்டை கட்டும்வரை கத்துகிறேன். சிப்பிக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்து நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நேற்று நின்ற இடத்திலிருந்து இன்று ஒரு கம்பம் வலப்பக்கம் தள்ளி நிற்கிறாள் ஆ-சியா.