பெடலில் உறைந்த பால்

அண்ணே, அப்பா ஓட்டும் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் வண்டிக்குள் புளித்த வாடை அடித்தது. மத்தியானம் அப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனபோது அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். ஆனால் கடிதத்தை அப்படித் தொடங்கக் கூடாதாம், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அதட்டுகிறாள். ஆகவே, சிங்கப்பூரில் இருக்கும் அருமை மகன் தங்கராஜுவுக்கு அம்மா மயிலம்மாள், உன் தங்கச்சி பஞ்சாலை கையால் எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் சர்க்கார் தோட்டத்தைச் சுற்றிப் போட்ட முள்வேலிக்குள் எல்லாரும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். பட்டறையில் நேரத்துக்குச் சாப்பிடு, எண்ணெய்க் கையோடு சோற்றைத் தொடாதே. இங்கே அரிசி இன்னும் அளந்துதான் தருகிறார்கள், ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போகும்போது கேட்டில் சோதிக்கிறார்கள், காட்டில் ஒளிந்திருக்கும் துப்பாக்கிக்காரர்களுக்குப் போய்விடுமாம், ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டுபோக முடியாது. அப்பாவுக்கு வேலை போகப் போகிறது, உடனே புறப்பட்டு வா.

அப்பா இன்று காலை டிரசர் வண்டியை எடுக்கும்போது மிதித்த கிளட்ச் பெடல் தரையோடு படுத்துவிட்டது, மேலே வரவில்லை. நாளைக் காலை போலீஸ் லாரிக்குப் பின்னால் வண்டி சிரம்பானுக்குப் புறப்படாவிட்டால் ரஹாங்கிலிருந்து வேறு டிரைவரை வைத்துக்கொள்வேன், நீ போய் மரம் வெட்டு என்று தோட்டத்து ஆபீஸ் கிராணி சொல்லிவிட்டார். முட்டி மடங்காத காலோடு அப்பா எப்படி மரம் வெட்டுவார்? ஸ்பிரிங் அறுந்திருக்கும் என்று அடியில் படுத்துப் பார்த்தார், அறுந்திருக்கவில்லை. பெடலைக் கோக்கிற பின் ஆணி விழுந்திருக்கும் என்றார், அதுவும் விழவில்லை. அம்மா தோட்டத்துக்கே கேட்கிற மாதிரி, எம்மவன் இருந்தா இந்நேரம் வண்டி சிரம்பான் போயி திரும்பியிருக்கும்லா என்றாள். பக்கத்து வீட்டுத் தாயம்மா, ஆமாக்கா, தங்கராஜு கைராசி யாருக்கு வரும் என்று ஒத்து ஊதினாள். எழுதிக்கொண்டிருந்த நான், உடனே புறப்பட்டு வா என்ற வரியோடு விட்டுவிட்டேன் அண்ணே. அப்பா உனக்குத்தான் வண்டியைத் திறந்து திறந்து காட்டினார், நான் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள், உன்னை நிறுத்தவில்லை. நீ புறப்பட்ட அன்று அப்பா தன் ஸ்பேனர்களை உனக்குக் கொடுத்தார், அவற்றைத் துணியில் சுற்றிக் கட்டியதும் நான்தான்.

பேனாவை வைத்துவிட்டு, மரம் வெட்டும் உளியை எடுத்துக்கொண்டு போனேன். பொம்பளப் புள்ளைக்கு வண்டிக்குள்ள என்னா வேலை என்றார் அப்பா. நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியும். பெடலைக் கையால் தூக்கினேன். ஜவ்வு மாதிரி இழுத்துக்கொண்டு கொஞ்சம் வந்தது, விட்டதும் திரும்பப் படுத்துக்கொண்டது. புளித்த வாடையும் அங்கேதான். விரிப்பைப் பிய்த்துப் பார்த்தால் பெடல் தண்டு நுழையும் துவாரம் முழுக்க உறைந்த ரப்பர், ஒட்டுப்பால்! அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். காலைத் தடுக்குகிறது என்று கிழிந்த விரிப்பை ஞாயிற்றுக்கிழமை மரத்துப் பாலை ஊற்றி ஒட்டியவர் அவரேதான். செருப்பு, குடை, கூரை ஓட்டை, நம் வீட்டில் எதைத்தான் பாலால் ஒட்டவில்லை? அது துவாரத்தில் இறங்கி உறைந்து தண்டைக் கவ்விக்கொண்டது. உளியால் சுரண்டி, மிச்சத்தை விரலால் உரித்தெடுத்தேன். பெடல் டப்பென்று எழும்பியது. அப்பா வண்டியைக் கேட் வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தார். கிராணியும் பார்த்துவிட்டு, நாளைக்கு நீயே ஓட்டு என்று தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? பாத்தியா, எம்மவனுக்குக் கடுதாசி போடுறோம்னதும் வண்டி பயந்து எந்திரிச்சிருச்சு என்றாள். தாயம்மாவே சிரித்துவிட்டாள், அப்பாவும் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உடனே வா என்பதை அடித்துவிடச் சொல்கிறாள், அடித்துவிட்டேன். வழியில் துப்பாக்கிக்காரர்கள் ரயிலைச் சுடுகிறார்களாம், அவசரப்படாதே, தீபாவளிக்கு வந்தால் போதும். நோய்நொடி இல்லாமல் நூறு வயது இரு, சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. வரும்போது அப்பாவின் சின்ன ஸ்பேனரைக் கொண்டு வா. இது அம்மா சொன்னதல்ல, எனக்கு வேண்டும். அம்மா கைநாட்டு வைக்க விரலில் மை தடவிக்கொண்டிருக்கிறாள். அவள் விரலுக்கு இடம் விட்டு, அதன் கீழே என் பெயரையும் எழுதினேன்.

இப்படிக்கு,
அம்மா மயிலம்மாள்

கடிதத்தை எழுதியதும் பெடலை எழுப்பியதும்,
பஞ்சாலை