போனை அணைத்துவிட்டுப் பதிவு செய்யவும்

ஜூன் 30, திங்கள்

காலையிலேயே அனல். கல்லூரி வேலையை விட்டபின் முதல் முறையாக ஒருவரை வேலைக்கு எடுக்கப் போகிறேன். தமிழில் புரோகிராமிங் கற்றுத்தரும் வீடியோ. திரையில் எழுதிக்கொண்டே பேச வேண்டும். மாதிரி அனுப்பியவர்களில் ஒருவர் செய்தி வாசிக்கிறார். இன்னொருவர் நம்மைத் திட்டுகிறார். சிவகாசிப் பக்கம் கனகா என்று ஒரு பெண். சென்னை வேலையை விட்டு அம்மாவோடு இருக்கிறாளாம். லூப்பை, அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதை, இப்படிச் சொல்கிறாள்: "கம்பெனி வேன் மாதிரிதான். ஒவ்வொரு ஊரா நிக்கும், ஆள ஏத்தும். லிஸ்ட் முடிஞ்சா போயிரும்."

சிரித்துவிட்டேன். இவள்தான்.

ஜூலை 3, வியாழன்

கனகா வந்தாள். மைக் கொடுத்தேன். அம்மா பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறார். "எல்லாரும் வேன் ஏறுனப்புறம் ஊரே சத்தமில்லாம கெடக்கும்க்கா. அப்பப் பேசிருவேன்."

என் கண்டிஷன்கள்: கதவு சாத்து. ஃபேன் குறை. போன் ஆஃப், சைலண்ட் போதாது, அதிரும்.

"ஆஃப்பாக்கா? அம்மா கூப்பிட்டா?"

"வேலை நேரத்துல அம்மாவ கம்பெனிக்குள்ள போன் கொண்டுபோக விடமாட்டாங்கன்னு நீதானம்மா சொன்ன?"

"அதுவுஞ் சரிதான்."

வாங்க வேண்டியது: சின்ன வெங்காயம், சார்ஜர் வயர்.

ஜூலை 9, புதன்

எழுத்து கோணல்.

மதியம் கடையிலிருந்து என் வீட்டுக்காரர் போன். "சிவகாசிப் பக்கம் வெடி விபத்தாம். அந்தப் புள்ள ஊருக்குப் பக்கத்துல. கேட்டுப் பாரு." கம்பெனி பெயரையும் சொன்னார். கனகா அம்மா போகிற கம்பெனி.

கனகா போன் ஆஃப். மறுபடியும் ஆஃப். நான் சொன்னபடி.

அதற்குள் அவள் முடித்த பாகம் தானாக வந்து சேர்ந்தது. திறந்தேன். நடுவில் டமார். ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. கனகா: "பயந்துராதீக, இந்நேரத்துக்கு சாம்பிள் வெடி போட்டுப் பாப்பாக. இத வெட்டிருங்கக்கா." சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போகிறாள். இந்தப் பக்கத்தில் யாரானாலும் அப்படித்தான் நினைப்பார்கள். நானும்.

இப்போது அடுத்த பாகம் பேசிக்கொண்டிருப்பாள். லேப்டாப்புக்கு ஒரு வரி அனுப்பினால் பார்ப்பாள். என்ன எழுத? எழுதினேன், அழித்தேன். கடைசியில்: போனை ஆன் பண்ணு.

கர்த்தரே.

ஜூலை 10, வியாழன்

அம்மா உயிரோடு இருக்கிறார். ஓடும்போது விழுந்து முழங்காலில் தையல். பக்கத்து அறையில் இருந்தவர்கள் இல்லை. அவர்களோடுதான் தினமும் சாப்பிடுவாராம்.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "யாரு போனையோ வாங்கி அடிச்சேன் அடிச்சேன், ஆஃப்புன்னே வருது. எம்புள்ளைக்கு என்னாச்சோன்னு உசிரே போச்சும்மா."

வெடித்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, வீட்டில் இருக்கிற மகளை நினைத்துப் பயந்திருக்கிறார். அணைக்கச் சொன்னது நான் என்று சொல்லத் தைரியம் இல்லை. கனகாவும் சொல்லவில்லை.

ஜூலை 11, வெள்ளி

பால் திரிந்துவிட்டது.

இரண்டாம் பாகமும் வந்து கிடக்கிறது. பதிவை நிறுத்தாமலே ஓடியிருக்கிறாள், வீட்டுக்குத் திரும்பி வந்துதான் நிறுத்தியிருக்கிறாள். பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்தேன். திரை ஓரத்தில் என் வரி வந்து விழுகிறது. பேச்சு நிற்கிறது. அம்புக்குறி மெதுவாக அதன்மேல் போய் நிற்கிறது. போனை ஆன் செய்கிற சத்தம். நாற்காலி விழுகிறது. அப்புறம் பாதி எழுதிய வரியும் ஃபேன் சத்தமும்தான்.

ஆகஸ்ட் 18, திங்கள்

புழுக்கம், மழை இல்லை. கனகா அம்மா வேறு கம்பெனிக்கு வேன் ஏறிவிட்டார். தீபாவளி சீசன். கனகா எவ்வளவோ தடுத்துப் பார்த்தாளாம். பதிவும் மறுபடி ஆரம்பம். இந்த முறை என் கண்டிஷன் ஒன்றுதான்: போன் ஆனில், முழுச் சத்தத்தோடு, மைக் பக்கத்திலேயே.

இன்றைய பாகம் எடிட் செய்ய உட்கார்ந்தேன். நடுவில் போன் அடிக்கிறது. கனகா எடுக்கவில்லை. அடித்துக்கொண்டே இருக்கிறது. அவள் மூச்சு மட்டும் மைக்கில் கேட்கிறது. பதிவாகி முடிந்தது என்று தெரிந்தும் ஹெட்போனைப் பிடித்துக்கொண்டு "எடும்மா, எடு" என்கிறேன்.

எடுத்தாள், ஸ்பீக்கரில். "யாரு?"

"ஏ கனகா, அம்மாதான். வாட்ச்மேன் போன்ல பேசுறேன். இங்கன கேட்ல முருங்கைக்கா விக்குது. வாங்கியாரவா?"

கனகா அழுகிறாள்.

"ஏ, கேக்குதா? வாங்கியாரவா, வேண்டாமா?"