இடப்பக்கத்து எடை

ஜூன் 2

அன்புள்ள ஆடிட்டருக்கு,

நலம். நலமறிய ஆவல். இந்த வரியைப் படித்துவிட்டு நீ சிரிப்பாய் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், ஆவல் நிஜம்தான்.

"பேச வேண்டியதை இனிமே எழுதி அனுப்புங்க. எழுத்துலதான் நீங்க பாதியில கத்த முடியாது" என்று சொல்லிவிட்டு நீ மாற்றல் வாங்கிக்கொண்டு போய் இரண்டு வருடம் ஆகிறது. எழுதும்படி எதுவும் நடக்கவில்லை. கண்ணாடிக் கடையில் என்ன நடந்துவிடும்? வருகிறவர்களுக்கு எழுத்து தெரிகிறதா என்று கேட்கிறேன், தெரியவில்லை என்கிறார்கள். இப்போதுதான் ஒரு விஷயம் வந்திருக்கிறது. நம் கார் தவளையைப் பற்றி.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பழையபடியே நடக்கிறது. பெட்ரோல் பங்கின் பின்பக்கம், அதே பத்துப் பன்னிரண்டு பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள், அதே ஆட்கள். புகையார் வந்தால் இன்னமும் எல்லோரும் காற்றுக்கு எதிர்ப்பக்கம் போய் நிற்கிறோம். அவர் கார் புகைவதை நிறுத்திவிட்டால் அவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று பல் டாக்டருக்குக் கவலை.

வழித்தாளைப் படித்துப் படித்துப் போகும் நம் வருடாந்திரக் கார் ஓட்டத்தில், போன வருடம் ஒருவன் யாருடைய வண்டியையோ இரவல் வாங்கி வந்து கோப்பையைத் தட்டிக்கொண்டு போய்விட்டான். அதனால் செயலாளர் புது விதி போட்டிருக்கிறார். பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் வண்டிக்குள் இருக்க வேண்டும். தவளை உன் பெயரில் இருக்கிறது. விற்ற கிழவர் "லைசென்ஸ் இல்லாதவனுக்குத் தர மாட்டேன்" என்று பிடிவாதம் பிடித்ததும், நான் அப்போது டெஸ்ட்டில் இரண்டு தடவை கோட்டை விட்டிருந்ததும் உனக்கு நினைவிருக்கும்.

ஆகவே, ஓட்டத்தன்று ஒரு நாள் வந்து உன் இடத்தில் உட்கார். அல்லது வண்டியை என் பெயருக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. எது உனக்கு வசதியோ அது. இரண்டும் இல்லையென்றால் இந்த வருடம் நான் ஓரமாக நின்று கை தட்ட வேண்டியதுதான்.

இப்படிக்கு,
கண்ணாடிக்காரன்


ஜூன் 9

கண்ணாடிக் கடைக்காரருக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை முழுவதும் படித்தேன். குறுக்கே பேச ஆள் இல்லாததால் சீக்கிரம் முடிந்துவிட்டது.

என்னால் வர முடியாது. அந்த வாரம் ஒரு காகித ஆலையில் தணிக்கை. படிவத்தை அனுப்புங்கள், கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறேன். ஓடுகிற வண்டி ஓடட்டும்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டாவது மாடி. சமையலறை ஜன்னலுக்குக் கீழே பஸ் டிப்போ. காலையில் வரிசையாகக் கிளப்புவார்கள். எந்த பஸ்ஸுக்கு என்ன கோளாறு என்று படுக்கையில் இருந்தபடியே சொல்லிவிடுவேன். கேட்கத்தான் யாரும் இல்லை. நீங்களும் கேட்டதில்லை என்பதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். பல் டாக்டர் வீட்டம்மா போனில் பேசினார். "உங்க சீட்டுல ஒரு மூட்டையை உக்கார வச்சு பெல்ட்டும் போட்டுக்கிட்டு வர்றாரு. எங்களுக்கு என்ன பேசறதுன்னே தெரியலைங்க" என்றார். இது என்ன கூத்து? மூட்டைக்குள் என்ன இருக்கிறது? பதில் எழுதும்போது மழுப்பாமல் எழுதவும். இடப்பக்கக் கதவை இன்னும் தூக்கித்தான் சாத்த வேண்டியிருக்கிறதா என்பதையும்.

இப்படிக்கு,
ஆடிட்டர்


ஜூன் 15

அன்புள்ள ஆடிட்டருக்கு,

கதவை இன்னும் தூக்கித்தான் சாத்த வேண்டும். மூட்டைக்குள் இருப்பது மணல்.

ஊர் வாயை மூட முடியாது. ஆனால் இதில் கூத்து ஒன்றும் இல்லை. மெக்கானிக் கடைசியாக ஸ்பிரிங்குகளை எல்லாம் சரிபார்த்த நாள் நினைவிருக்கிறதா? "ரெண்டு பேரும் ஏறி உக்காருங்க. எப்பவும் எப்படிப் போவீங்களோ அப்படியே. அசையக் கூடாது" என்று நம் இருவரையும் வைத்துக்கொண்டுதான் நான்கு சக்கரத்துக்கும் எடை பிரித்து வைத்தார். வெளியே மழை. நீ என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாய். "தூங்குனாலும் எடை அதேதான், விடுங்க" என்றார்.

நீ போன பிறகு வண்டி ஒரு பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. கை எடுத்தால் ஓரத்துக்குப் போகிறது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "ஒத்தை ஆளுக்குத் தகுந்த மாதிரி மாத்தி வச்சுடலாம். அரை நாள் வேலை" என்றார். அடுத்த வாரம் என்றேன். அதற்கடுத்த வாரம் என்றேன். பிறகு அவரும் கேட்பதை விட்டுவிட்டார். உன் எடைக்கு மணலைக் கட்டி வைத்தேன், வண்டி நேராகப் போகிறது. உன் எடை எனக்கு மனப்பாடம். மாறியிருந்தால் எழுது, திருத்திக்கொள்கிறேன்.

ஒளித்து வைக்காமல் சொல்கிறேன். நீ இல்லாதது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. வீட்டில் எப்படியோ பழகிவிட்டது. வண்டியில் பழகவில்லை. மூட்டை வழித்தாளைப் படிப்பதில்லை. போன மாதம் ஒரு கோழிப்பண்ணைக்குள் போய் நின்றேன்.

படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

என்றும் உன்,
கண்ணாடிக்காரன்


ஜூன் 24

அன்புள்ளவருக்கு,

படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. பேனாவை எடுத்து மூடியையும் கழற்றினேன். அப்புறம் உங்கள் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன்.

மூட்டைக்குப் பின்னால் உங்களுக்கு அன்பு இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை, படித்தபோது கண் கலங்கியதும் உண்மை. ஆனால் எனக்கு வேறொன்றும் தெரிந்தது. அந்த வண்டியில் என் வேலையை ஒரு மணல் மூட்டை பார்த்துவிடுகிறது. அது படிக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். நான் படித்தபோதும், "இடது" என்றால் நீங்களே தாளை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவீர்கள்.

என் பெயரில் இருக்கும் வண்டியை நான் ஓட்டியது ஒரே ஒரு நாள். வாங்கிய அன்று, அந்தக் கிழவர் வீட்டிலிருந்து நம் வீடு வரைக்கும். உங்களுக்கு லைசென்ஸ் இல்லை, அதனால் ஓட்டினேன். கூரையைத் திறந்துவிட்டு வந்தோம். சிக்னலில் நின்றபோது பக்கத்து லாரிக்காரர் மேலே இருந்து குனிந்து பார்த்து, "நல்லா இருக்கும்மா வண்டி" என்றார். என்னிடம் சொன்னார். உங்களிடம் இல்லை. அன்று இருந்த சந்தோஷம் அதற்குப் பிறகு எனக்கு அந்த வண்டியில் வந்ததில்லை. அடுத்த மாதம் உங்களுக்கு லைசென்ஸ் வந்தது. நான் இடப்பக்கம் போனேன். பதினேழு வருடம், ஒப்புக்குச் சப்பாணி. "குடுங்க, நான் ஓட்டறேன்" என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்! "கிளட்ச் ஒரு மாதிரி, உனக்குப் பிடிபடாது" என்பீர்கள். ஒரு நாள் கேட்பதை நிறுத்தினேன். அதற்கப்புறம்தான் மாற்றல் கேட்டேன். நீங்கள் இன்றுவரை வேறு காரணம் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

என் லைசென்ஸைத் தவறாமல் புதுப்பித்து வைத்திருக்கிறேன்.

தணிக்கையைத் தள்ளிப் போட்டுவிட்டேன். ஓட்டத்துக்கு வருகிறேன். நான் ஓட்டுவேன், நீங்கள் இடப்பக்கம் உட்கார்ந்து வழி படிக்க வேண்டும். சம்மதம் என்றால் வண்டியை அதற்குத் தகுந்தபடி மாற்றி வையுங்கள். அரை நாள் வேலைதானே. படிவத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

இப்படிக்கு,
வண்டிக்காரி


ஜூலை 6

அன்புள்ள வண்டிக்காரிக்கு,

முதலில் ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். கிளட்ச்சை எங்கே பிடிக்க வேண்டும், இரண்டாவது கியருக்கு எப்படிப் பொறுக்க வேண்டும், மேட்டில் என்ன செய்யக் கூடாது, ஈரச் சாலையில் என்ன செய்யவே கூடாது என்று ஆறு பக்கம். மெக்கானிக் டீ குடித்துக்கொண்டே அதைப் படித்தார். "இதைப் படிச்சா எனக்கே ஓட்டப் பயமா இருக்கு சார்" என்றார். அந்தக் கடிதத்தை அனுப்பவில்லை.

சம்மதம்.

நேற்று வண்டியை மாற்றி வைத்தோம். நீ இங்கே இல்லாததால் மெக்கானிக் மூட்டையை ஓட்டுநர் இடத்தில் தூக்கி வைத்தார். அது ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. நான் இடப்பக்கம் ஏறினேன். கதவைத் தூக்கிச் சாத்தினேன். மதியம் முழுவதும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். நடுவில் இன்ஜினை ஓடவிட்டார்.

அந்த இடத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. காலுக்குப் பக்கத்தில் தகடு அப்படிக் கொதிக்கிறது. வலது காலை ஒதுக்கி வைத்துக்கொண்டால் இடுப்பு பிடிக்கிறது. பெட்ரோல் வாடை நேராக முகத்தில் அடிக்கிறது. மூட்டைக்குச் சுடுமா என்ன? நீ ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே என்று மெக்கானிக்கிடம் சொன்னேன். "அம்மா என்கிட்ட சொல்லியிருக்காங்க சார். தகடு மேல வைக்க கெட்டியா எதாவது துணி இருக்கான்னு கேட்டாங்க" என்றார்.

இப்போது நான் ஓட்டினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது. அதனால் ஷெட்டிலேயே நிற்கிறது. நீ வா.

என்றும் உன்,
வழி படிப்பவன்


ஆகஸ்ட் 4

அன்புள்ள வண்டிக்காரிக்கு,

தவளை பத்திரமாக வந்து சேர்ந்ததா? நெடுஞ்சாலையில் சூடு ஏறவில்லையே? கேட்க மாட்டேன் என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். முதல் வரியிலேயே கேட்டுவிட்டேன்.

கடைசிக்கு முந்தின இடம் என்று செயலாளர் அறிவித்தார். புகையார் நமக்குப் பின்னால் வந்ததால் கடைசி தப்பியது. குற்றம் என்னுடையது. இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பிவிட்டேன். ஆற்றோரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றோம். நீ கத்துவாய் என்று காத்திருந்தேன். நீ இன்ஜினை நிறுத்திவிட்டு, "பரவால்ல, அடுத்த தாளைப் படிங்க" என்றாய். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கிளட்ச்சை விடும்போது நீ ஒரு தடவைகூட வண்டியைக் குதிக்கவிடவில்லை. அதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்.

முடிந்ததும் நான் இறங்கினேன். நீ வண்டியை ஓரமாக நிறுத்தப் போகிறாய் என்று நினைத்தேன்.

"இது யார் பேர்ல இருக்கு?" என்றாய்.

"உன் பேர்லதான்."

"அப்ப சரி. நான் கிளம்பறேன்."

பல் டாக்டர் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் பல்லைப் பற்றியே பேசி, தவளைப் பேச்சை எடுக்காமல் ஓட்டினார். அவருக்கு அது எவ்வளவு சிரமம் என்று உனக்குத் தெரியும்.

ஷெட் காலி. தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருக்கிறது. கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன், இல்லை. வெறிச்சென்று இருக்கிறது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பங்குக்குப் போகிறேன். வண்டி இல்லாதவன் அங்கே என்ன செய்வது? மற்றவர்களின் கண்ணாடியைத் துடைத்துக் கொடுக்கிறேன்.

நீ இப்போது தனியாக ஓட்டுவாய். நாங்கள் வைத்த எடைக்கு இடப்பக்கம் ஆள் இல்லையென்றால் வண்டி இழுக்கும், ஜாக்கிரதை. நான் வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வருகிறேன். வழி படிக்க. தாளை ஒவ்வொன்றாகத் திருப்பக் கற்றுக்கொண்டேன்.

பதிலை எதிர்பார்த்து,
வழி படிப்பவன்


ஆகஸ்ட் 20

அன்புள்ளவருக்கு,

தவளை பத்திரம். சூடு ஏறவில்லை. கதவைச் சரி செய்தாயிற்று, இப்போது விரலால் தள்ளினாலே சாத்திக்கொள்கிறது. தகடு மேல் கெட்டித் துணி தைத்துப் போட்டுவிட்டேன்.

இங்கேயும் ஒரு கூட்டம் இருக்கிறது. ஒரு பள்ளிக்கூட மைதானத்தின் வேலியோரம் சேர்கிறார்கள். நம் அளவுக்குப் பெரிசு இல்லை, நான்கைந்து வண்டிதான். முதல் நாள் போய் இறங்கியதும் ஒரு பேக்கரிக்காரர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "சார் வரலையா?" என்றார். "சார் யாரு?" என்றேன். அப்புறம் பானெட்டைத் திறந்து காட்டினேன். அதற்குப் பிறகு சாரைப் பற்றிப் பேச்சு வரவில்லை. டிப்போ பஸ்களைப் பற்றிச் சொன்னேன். அங்கே மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கூட்டத்தில் இருக்கிறார். "எந்த பஸ்ஸும்மா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பேசி முடிக்க மதியம் ஆகிவிட்டது.

நீங்கள் சொன்னபடியே வண்டி இழுத்தது. முதல் வாரம் கையால் பிடித்துப் பிடித்து ஓட்டினேன். தோள் வலித்தது. பழையபடி ஒரு மூட்டையைக் கட்டலாம் என்று கடைக்குப் போய் மணல் விலைகூடக் கேட்டேன். உங்கள் எடை எனக்கும் மனப்பாடம்தான். பிறகு திரும்பி வந்துவிட்டேன்.

அந்த ஓய்வு பெற்றவரிடம் கொடுத்து, ஒருத்திக்குத் தகுந்தபடி மாற்றி வைக்கச் சொன்னேன். நீங்கள் சொன்னது சரி. அரை நாள் வேலைதான்.

இப்போது கையை எடுத்தாலும் நேராகப் போகிறது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் அன்று இடப்பக்கம் உட்கார்ந்து கால் சுட்டும் வாய் திறக்காமல் வந்ததை நான் பார்த்தேன். அதற்காக உங்களை மறக்க மாட்டேன். இந்தப் பக்கம் வர நேர்ந்தால் வாருங்கள், ஒரு சுற்றுப் போய் வரலாம். இருக்கை காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் ஏறினால் வண்டி கொஞ்சம் உங்கள் பக்கம் இழுக்கும். நான் பிடித்துக்கொள்வேன்.

படிவத்தைக் கையெழுத்துப் போடாமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஷெட்டில் இருக்கும் மூட்டையைப் பிரித்து மணலைச் செடிகளுக்குக் கொட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
வண்டிக்காரி